சுவருக்கு அந்தப் பக்கத்துக் குலவை

இணையத்தில் ஓடும் வீடியோ பாதியில் நின்று வட்டம் சுற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். நெட் இளைத்தால் படத்தின் தரத்தைக் குறைக்க வேண்டும். தெம்பானால் கூட்ட வேண்டும். ஓடப்போகும் துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். தாராவியில் எங்கள் சந்தில் இதை ஒரு வேலை என்று யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

அம்மாவின் தம்பி மகளுக்கு ஊரில் கல்யாணம். தாலி ஏறும்போது முதல் குலவை அத்தைக்காரியுடையது. அந்த அத்தைக்காரியான அம்மாவோ காலில் மாவுக்கட்டோடு இங்கே கட்டிலில் கிடந்தாள்.

"கட்டுப் போட்டது காலுக்குத்தான, வாய்க்கு இல்லையே. இங்க இருந்தே போடுதேன்," என்றாள்.

முந்தின நாள் நலுங்கின் நேரலையை நான் எழுதிய பிளேயரில் போட்டேன். நிற்கவே கூடாது என்று நிறையச் சேர்த்துவைத்து ஓடவிட்டதில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் குலவைச் சத்தம் கேட்டது. நான் சித்தி என்று கூப்பிடும் அந்த வீட்டுக்காரி, அம்மாவின் ஊர்க்காரிதான், கீறல் விழுந்த போனில் பார்த்து எங்களை முந்திவிட்டாள். எங்கள் திரையில் இன்னும் மஞ்சளையே எடுக்கவில்லை. நான் சேர்த்துவைத்ததெல்லாம் தாமதமாகியிருந்தது.

அம்மா சாப்பிடவில்லை. "நாளைக்கும் அவதான் முதல்ல போடுவான்னா, அந்தப் பிள்ளைக்கு நான் எதுக்குல அத்தை?"

சிரிக்கப்போனவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

கல்யாணத்தன்று, ஆபீஸில் செய்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்கிற காரியத்தைச் செய்தேன். சேர்த்துவைப்பதை ஏறக்குறைய நிறுத்தி, தரத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். மணமேடை கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"இதுல எவன்ல மாப்பிள்ள?"

"மாலை போட்டிருக்கவரு."

"ரெண்டு பேருந்தான் போட்டிருக்காவ."

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். படம் அப்படியே நின்று வட்டம் சுற்றியது. படத்துக்குப் போதாத நெட் ஒலிக்குப் போதும். சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தாள். கெட்டிமேளம் கொட்டிய கணத்தில் தலையை நிமிர்த்திக் குலவையிட்டாள். அதற்குப் பிறகுதான் சித்தி, அப்புறம் சந்து முழுவதும்.

"என்னக்கா, அவ்ளோ ஜல்தியா முந்திட்டீய?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

படம் திரும்பியபோது தாலி ஏறி முடிந்திருந்தது. "நீ பாக்கவே இல்லையேம்மா," என்றேன். வருத்தமாக இருந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க இருந்திருந்தா மட்டும்? போட்டோக்காரன் முதுகுதான் தெரிஞ்சிருக்கும். சத்தத்தக் கேட்டுத்தாம்ல போட்டிருப்பேன்."