குரைப்பு எட்டும் தூரம்

துப்பாக்கியோடு யார் வந்தாலும் ரெய்னோ முதலில் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை. வந்தவரின் சட்டையை விலக்கச் சொல்லி, வலது தோள்குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். வந்தவர் முகம் சுளித்தால் அவருக்குப் பரம திருப்தி. "அப்படிச் சொல்லு! போன வருஷம் சுட்டப்போ வாங்கின உதையே இன்னும் உள்ள இருக்கு. தோள்ல வைக்கிற கட்டை உனக்கு ரெண்டு விரல் குட்டை. அதுவா உன்னை உதைக்கலை, நீயா கூப்பிட்டு வாங்கிக்கிறே" என்பார். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி அவர் கைக்குப் போகும்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பாதி டிராக்டருக்கு, பாதி ரெய்னோவுக்கு. ஆணிகளில் ரப்பர் மெத்தைகள் தொங்கும். சுவரில் அடித்து வைத்த மூஸ் மானின் அகன்ற கொம்பில் காதுமூடிகள் மாட்டியிருக்கும். துப்பாக்கிக் கட்டையின் அடியில் மெத்தை ஒட்டுவது, கட்டைக்குள் துளை போட்டு எடைக்குழாய் செருகி உதையைத் தணிப்பது, குழல் நுனியில் மரை வெட்டி சைலன்சர் மாட்டுவது, இதெல்லாம் அவர் தொழில். சைலன்சர் என்றதும் யாரும் திடுக்கிட வேண்டாம். பின்லாந்தின் கிழக்கெல்லையில் எங்கள் காடுகளில் அது கள்ளக் காரியத்துக்கு அல்ல. காதுக்கும், நாய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்கும்.

உதைக்குப் பயந்தவர்களைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு குறும்பு இருக்கிறது. மர லாரி ஓட்டும் கலெர்வோ ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், காட்டில் எதற்கும் அசராதவன் என்று பெயரெடுத்தவன். அவன் சுட்ட மான் அடிபட்டுத் தப்பியதும் ரெய்னோ அவனைக் கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டு முன் நிறுத்தி, துப்பாக்கியை நீட்டி "சுடு" என்றார். கலெர்வோ விசையை இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அவன் தோள் பின்னால் துள்ளியது, கண் இறுக மூடியிருந்தது.

"உள்ள குண்டே இல்லடா! அதுக்குள்ள உன் தோள் வீட்டுக்குக் கிளம்பிடுச்சு. மான் எப்படிச் சாகும்?"

"இதை ஊர்ல சொல்லிடாத பெரிசு."

"சொல்ல மாட்டேன். ஹில்க்காகிட்ட மட்டும் சொல்றேன், மத்ததை அவ பாத்துக்குவா." ஹில்க்கா அவர் மனைவி. மறுநாள் ஊருக்கே தெரிந்திருந்தது.

காது விஷயத்தில் அவர் இன்னும் கெடுபிடி. சுடுகளத்துக்கு வரும் எவரும், வேடிக்கை பார்க்க வந்தவராக இருந்தாலும், காதுமூடி இல்லாமல் வேலியைத் தாண்ட முடியாது. பாதிரியாரையே ஒருமுறை திருப்பி அனுப்பினார். "தலைமுடி கொட்டினா தொப்பி போடலாம். பல்லு விழுந்தா கட்டிக்கலாம். காது போனா என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூடியை நம் தலையில் அழுத்திவிடுவார். நான் எங்கள் வேட்டைக்குழுவின் தலைவி, ஐம்பதைத் தாண்டியவள். எனக்கும் அதே கதிதான். "குனி, பொண்ணே" என்பார்.

இத்தனை உபதேசம் செய்கிறவரின் சொந்தத் தலையைப் பாருங்கள். காட்டில் அவர் காதுமூடியின் இடப்பக்கக் கிண்ணம் எப்போதும் நெற்றிப்பொட்டுக்கு மேல் ஏறி நிற்கும், அதனால் தொப்பி கோணல். அவருடைய பழைய துப்பாக்கிக்கு சைலன்சரும் கிடையாது; நீளம் கூடிவிடுமாம், புதரில் மாட்டுமாம். வலது தோளில் கட்டை வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும். வெடிச்சத்தம் முழுவதையும் வாங்குவது அதுதான். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர். கேட்டால், "நான் நாய்க்காரன். ரெண்டு காதையும் அடைச்சா நாய் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்பார்.

நாய்க்காரர் என்பது எங்களிடம் பெரிய இடம். மற்றவர்கள் காட்டைச் சுற்றி அவரவர் காவலிடத்தில் நிற்க, அவர் நாயை அவிழ்த்துவிட்டுத் தனியாக உள்ளே போவார். நாய் மானைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் நின்று விடாமல் குரைத்து, நகரவிடாமல் பிடித்து வைக்கும். அந்தக் குரைப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் நாய்க்காரர் அரவமில்லாமல் நெருங்க வேண்டும். இப்போதெல்லாம் நாயின் கழுத்தில் கட்ட ஒரு கருவி வந்திருக்கிறது, குரைக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டிவிடும். ரெய்னோ அதைத் தொடமாட்டார். "கழுத்துல போனைக் கட்டிட்டா அது நாயா, தபால்காரனா?" அவருடைய நாய் ஹல்லா, சாம்பல் நிறத்து நான்கு வயதுப் பெட்டை. அவளுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டியை ஹில்க்கா பார்க்காதபோது கொடுப்பார், ஹில்க்கா பார்த்தபோதும் கொடுப்பார்.

அவர் காது போய்க்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். முதலில் போனது காட்டுக்கோழியின் மெல்லிய விசில். பிறகு நீராவிக் குளியலறையான சவுனாவில் சூட்டுக்கல்மேல் தண்ணீர் ஊற்றும்போது எழும் சீறல். சீறவில்லை என்று நினைத்து இன்னொரு அகப்பை ஊற்றுவார், அப்புறம் இன்னொன்று. மற்றவர்கள் வெந்துபோய் ஏரிக்கு ஓடுவார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சூடே ஆகாது" என்று அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பார். காப்பிக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த காதுக்கருவி திருகாணிகளோடு ஒரு கோப்பையில் கிடக்கிறது. "அதைப் போட்டா மீன் வறுக்குற சத்தம்தான் கேக்குது" என்றார். வயதாகிறது என்பதை ஒப்புக்கொள்வார், செவிடு என்பதை மாட்டார்.

எங்கள் ஊரில் ஒருவனின் குறையை முகத்துக்கு நேராகச் சொல்வது வழக்கமில்லை. அதற்குப் பதில் கலெர்வோ ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஹல்லா குரைக்க ஆரம்பித்ததும் எங்கள் கையடக்க ரேடியோவில் வம்பளப்பதுபோல, "பெரிசு, உன் நாய் வடக்குச் சதுப்புல என்ன கச்சேரி நடத்துது!" என்பான். ரெய்னோவும் "எனக்குத் தெரியாதா?" என்று அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். இரண்டு இலையுதிர் காலம் இப்படியே ஓடியது. யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நாங்கள் இருந்தோம்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கலெர்வோ காய்ச்சலில் படுத்துவிட்டான். ஹல்லா வடக்கில் ஒரு பெரிய ஆண்மானை நிறுத்திவிட்டாள். எங்கள் காவலிடங்கள் எல்லாவற்றிலும் அந்தக் குரல் கேட்டது. அப்படியொரு அழகான, இடைவிடாத குரைப்பு. ரெய்னோ தெற்கே ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் ரேடியோவில் கூப்பிட்டேன், மற்றவர்களும் கூப்பிட்டார்கள். கலெர்வோவின் கனத்த குரல் எட்டும் அந்தக் காதில் எங்கள் குரல் விழவில்லை; எதையும் கேட்காமல் அவர் குரல் மட்டும் வந்தது: "ஒண்ணுமில்ல. காடு காலி. நாய் ஊமையாத் திரியுது." காட்டுக்குள் நாய்க்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதபோது நாங்கள் இடத்தைவிட்டு நகரக்கூடாது. நின்றோம். மத்தியானம் மான் கிளம்பிப் போய்விட்டது. தொண்டை கட்டிப்போய், நாக்கு தொங்க, ஹல்லா தானாகவே பாதைக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் கொட்டகை பூட்டியிருந்தது. ஹல்லாவின் குரல் போய்விட்டது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். குரல் போன நாயைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் பழைய நாய்க்காரர்களின் கறாரான வழக்கம். அதைச் சுடும் வேலையை அடுத்தவர் கையில் கொடுப்பதும் இல்லை, வளர்த்தவரே செய்ய வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலையில் ஹில்க்கா என் சமையலறையில் வந்து நின்றாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"திங்கக்கிழமை அவளைக் கொட்டகைக்குப் பின்னால கூட்டிட்டுப் போறாராம். ராத்திரியெல்லாம் தூங்கலை. அவ பக்கத்துலயே தரையில உக்காந்திருக்காரு. நான் சொன்னா பொண்டாட்டி பேச்சு. நீ தலைவி, நீ சொல்லு ஆய்லி."

சொன்னால் அவர் காட்டை இழப்பார். சொல்லாவிட்டால் ஒரு நல்ல நாய் சாகும்.

அன்றைக்கு நாய் வேலை எதுவும் நடக்கவில்லை. ஓர் இளமான் தானாகவே கலெர்வோவின் காவலிடத்துக்கு வந்து விழுந்தது. காய்ச்சல் தேறி வந்த அவனுக்கு அது பெருமை. எங்கள் குழுவின் அறுப்புக் கொட்டகையில் அதைத் தொங்கவிட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தோம், ஓரத்தில் வாணலியில் கல்லீரல் வெண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. ஹல்லாவை இறைச்சிக்குப் பாயாதபடி சரளைப் பாதையின் கீழ்க்கோடியில் ஒரு பிர்ச் மரத்தில் கட்டியிருந்தார் ரெய்னோ. அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டியபடி கத்தி தீட்டிக்கொண்டே சொன்னார்:

"பாத்தியா பொண்ணே. மான் வாசனை காடு பூரா அடிக்குது. நல்ல நாயா இருந்தா இந்நேரம் குரைச்சே கயித்தை அறுத்திருக்கும். ஒரு மூச்சு இல்ல."

ஹல்லா குரைத்துக்கொண்டுதான் இருந்தாள். கலெர்வோவின் கத்தி தோலில் பாதியில் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அவ குரைக்கிறா ரெய்னோ" என்றேன்.

"என்ன?"

"ஹல்லா. இப்போ, இந்த நிமிஷம். குரைச்சுட்டே இருக்கா."

அவர் சிரித்தார். "கலெர்வோ, உங்க தலைவி காலையிலேயே ஊத்திக்கிட்டாங்களா?"

எப்போதும் முதலில் சிரிக்கிற கலெர்வோ சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னான்: "குரைக்கிறா பெரிசு. போன வாரமும் குரைச்சாளாம். போன வருஷமும் குரைச்சா. இல்லைன்னா நான் எதுக்கு ரேடியோவுல உனக்கு வழி சொல்லிட்டிருந்தேன்?"

ரெய்னோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கத்தியைப் பலகையில் வைத்தார். பாதையில் இறங்கி நடந்தார், நான் கூடவே போனேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார், குரைக்கிறாள் என்று நான் தலையசைப்பேன். அவர் மறுபடி நடப்பார்.

மரத்துக்கு வெகு அருகே போன பிறகு ஓரிடத்தில் சட்டென்று நின்றார். வலது காதைத் திருப்பினார். பின்னால் ஓரடி வைத்தார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். பிறகு உறைபனி படிந்த சரளையில் பூட்ஸ் குதிகாலால் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்கும் நாய்க்கும் நடுவில் கலெர்வோவின் லாரியைத் திருப்பக்கூட இடம் போதாது.

"அன்னைக்கு எவ்வளவு நேரம் குரைச்சா?"

"மத்தியானம் வரைக்கும்."

"தனியாவா?"

நான் தலையசைத்தேன். "தொண்டை நல்லாத்தான் இருக்கு அவளுக்கு" என்றார், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொட்டகை வரை கேட்கும்படி.

நாயைப் பிணைத்து நடத்த நாய்க்காரர் ஒருவர் மட்டுமே மார்பில் குறுக்காகப் போடும் தோல்வாரைத் தலைக்கு மேலாகக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். அது எனக்குத் தொளதொளவென்று இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவர் குனிந்து, குளிரில் விறைத்த விரல்களால் கொக்கியை அவிழ்த்து, எனக்குச் சரியாக இருக்கும்படி இறுக்கி மாட்டினார்.