‘நான்’ என்று எழுதச் சொன்னது நான்தான்

இன்று காலை பூந்தமல்லி பஸ்ஸில் என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. கழுத்தில் புதுத் தாயத்து. பக்கத்தில் அவள் அம்மா.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினார். "காத்து கருப்பு அடிச்சிருக்கு மிஸ். பக்கத்துல கீறவங்க மனசுல நெனைக்கிறது இவ காதுல வுழுதாம். இவ பூமியிலயே பொறக்கலையாம். இவளே நோட்டுல எழுதி வெச்சிருந்தா. கொளுத்திட்டோம். மாங்காட்டாண்ட பேயோட்டுறவர் ஒருத்தர் கீறாரு, இட்டுகினு போறேன்."

அந்த நோட்டில் இருந்தது வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தியைப் பற்றிய அறிவியல் புனைகதை. முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "படர்க்கை வேண்டாம், தன்மையில் எழுது. ‘அவள்’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கு, உயிர் வரும்" என்று சொன்னவள் நான்.

"அது கதைம்மா. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

"கதைன்னு எங்க மிஸ் போட்டிருந்துச்சு? ‘நான்’னுதானே போட்டிருந்துச்சு?"

பூந்தமல்லியில் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தபடி இறங்கினார். படியில் நின்று ஒரு கணம் திரும்பினாள்.

"மிஸ், இனிமே ‘அவள்’னே எழுதுறேன்."

நாளை அதே வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்த வேண்டும். தன்மைக்கு யாரையும் ஆபத்தில் மாட்டிவிடாத எடுத்துக்காட்டு ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.