போவாதி மாமாவின் நனைந்த தோள்

என் அக்கா சேவாவின் மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள் ஃபிரேமா. எங்களில் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்தான் பொறுப்பு. எங்கள் அண்ணன் போவாதி ஒரு தையல்காரம்மாவுக்கு முறைப்படி மதுப்புட்டி கொண்டுபோய்க் கொடுத்து ஃபிரேமாவைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். எட்டு மாதம் தைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் குமாசி நகரில் வண்டிகளைப் பழுது பார்க்கும் சுவாமே பட்டறைகளுக்குப் போய், கார்களில் சுவிட்சு அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடிகளைப் பழுது பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அண்ணன் திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வருஷம், அவள் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் பக்கத்தில் நிற்கும் எனக்கு வரும்.

சித்தி மகன் இறந்தபோது சனிக்கிழமை துக்கத்துக்கு எல்லோரும் கூடினோம். நல்ல மழை. அண்ணன் தன் டாக்சியிலிருந்து இறங்கினார். எங்கள் ஆண்கள் துக்கத்துணியை இடத்தோளில் போட்டு வலத்தோளைத் திறந்து விடுவார்கள். எங்கள் நாட்டில் டாக்சி ஓட்டுகிறவர் உட்காருவதும் இடப்பக்கம்தான். அந்தத் தோளில் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"சின்னம்மா, மாமா பக்கத்துக் கண்ணாடி ஏறல" என்றாள் ஃபிரேமா. சாவியை என்னைக் கேட்கச் சொன்னாள்.

அண்ணன் சாவியை என் கையில் வைத்தார். "மூணு பேரு பாத்தானுங்க. மூணு பேரும் சுவிட்சத்தான் மாத்துனானுங்க" என்றார், என்னிடம்தான்.

அவள் சுவிட்சை அழுத்திக் காதைக் கதவில் வைத்தாள். உள்ளே மோட்டார் ஓடியது, கண்ணாடி அசையவில்லை. துக்கத்துணியோடு சேற்றில் முட்டி போட்டுக் கதவின் உள்தட்டைக் கழற்றினாள். கண்ணாடியை இழுக்கும் கம்பி சக்கரத்திலிருந்து நழுவிக் கிடந்தது. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் பொறுமையாகக் கோர்த்தாள். கண்ணாடி ஏறியது. அண்ணன் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டு துக்கத்துக்கு வந்த ஆண்களோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

"போகட்டும் சின்னம்மா. நனையாம வீடு போய்ச் சேரட்டும்" என்றாள். முகம் மட்டும் வாடிப்போயிருந்தது.

ஆனால் எங்கள் வழக்கத்தில் உதவிக்கு நன்றி அன்றோடு முடிவதில்லை. மறுநாள் காலை வாசலுக்கு வந்து சொன்னால்தான் அது நன்றி. ஞாயிறு விடிந்ததும் ஃபிரேமா முற்றம் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். கண் தெருவில் இருந்தது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள்கூடப் போய்விட்டார்கள்.

வெயில் ஏறிய பிறகு டாக்சி வந்து நின்றது. அண்ணன் இறங்கவில்லை. கண்ணாடி மெல்ல இறங்கியது.

"நேத்து செஞ்சதுக்கு நன்றிம்மா ஃபிரேமா."

அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். அவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றி இறக்கினார்.

"நீ தைக்கவே போயிருந்தா, நான் இன்னிக்கும் நனைஞ்சுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார்.

"அத சும்மா சும்மா ஏத்தி எறக்காதீங்க மாமா" என்றாள் அவள். "மோட்டார் சூடாயிடும்."

அண்ணன் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். கண்ணாடி திறந்தே இருந்தது.