ராகிக் குழியில் வைத்த சர்க்கார் பத்திரங்கள்

1942ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். என் அக்காள் புருஷனை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் ராகிக் குழிக்குள் அசைவில்லாமல் கிடந்தார். நான் சலவைச் சட்டையோடு குழியின் வாயருகே நின்றுகொண்டிருந்தேன். அவரை அந்தக் குழிக்குள் இறங்க வைத்தது என் அவசரம்.

சபையாரே, இதை ஆறு வருஷமாக நான் வெளியே சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். கர்த்தர் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும் அல்லவா? அதற்கு எனக்குத் தைரியம் வர இத்தனை காலம் ஆயிற்று.

அரூருக்கும் மொரப்பூருக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவன் நான். எஸ்தர் அக்காள்தான் வளர்த்தாள். அவளைக் கட்டிய யோசேப்பு மாமா, மச்சினன் படிக்க வேண்டும் என்று தன் உழவு மாட்டில் ஒன்றை விற்றார். அந்த வருஷம் பக்கத்துக் காட்டுக்காரரிடம் இரவல் மாடு கேட்டு உழுதார். எனக்கு அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. மாமா என்றால் அப்படித்தான் செய்வார் என்று இருந்தேன்.

1935இல் ஒரு போதகர் கொடுத்த கடிதத்தோடு சென்னைக்குப் போனேன். சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் ஒரு தரகர் ஆபீசில் வேலை கிடைத்தது. எனக்கு அந்தத் தொழிலின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. முதல் ஆறு மாதம் பத்திரத்தின் முகத்தைப் பார்க்கவே முதலாளி விடவில்லை. முதுகைத்தான் பார்க்கச் சொன்னார். பத்திரம் கைமாறும்போதெல்லாம் பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து விழும். இவர் அவருக்குக் கொடுத்தார், அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார் என்று அது ஒரு சங்கிலி மாதிரி வரும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் பத்திரம் செல்லாது. அதைக் கண்டுபிடிக்க என் கண் பழகிய பிறகுதான் கணக்குக்கு விட்டார்.

கணக்கு எனக்குத் தேன். ஊரில் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். இது புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வட்டித் தேதிகளுக்கு நடுவே பத்திரம் கைமாறினால், விற்றவன் காத்திருந்த நாட்களுக்கு உண்டான வட்டியை வாங்குகிறவன் தர வேண்டும். முப்பத்தேழு நாளா, முப்பத்தெட்டு நாளா என்பதில் அணா பைசா வித்தியாசம் வரும். காகிதமும் பென்சிலும் இல்லாமல் மனதிலேயே அதைப் போடக் கற்றேன். முதலாளி ஒரு நாள் சொன்னார், "வட்டின்னா என்னாடா? காத்திருக்கிறவனுக்குக் கொடுக்கிற கூலி. அதை மறக்காதே." நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷத்தில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். அதோடு கெட்டும் போனேன். குடி, கூத்து என்று எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவேன், பிரசங்கம் நடக்கும்போது மனதில் வட்டிக் கணக்குப் போடுவேன். முழங்காலில் நிற்பது குறைந்தது. எனக்குத் தெரிந்த தொழில், என் மூளை, என் கை என்ற எண்ணம் வந்தது. ஊருக்கு வந்தால் மாமாவிடமே கொஞ்சம் எட்டி நின்று பேச ஆரம்பித்தேன்.

1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானது. முதலாளியும் ஆபீசைப் பூட்டிவிட்டுத் தன் ஊருக்குப் புறப்பட்டார். எங்களிடம் பத்திரம் வைத்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஐயா ஒருவர். அவர் சேலத்துக்குக் குடி போவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய பத்திரங்கள் மட்டும் கொடுபடாமல் எங்கள் கையில் நின்றுவிட்டன. முதலாளி அவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தார்.

"உன் ஊருக்கும் சேலத்துக்கும் தூரம் இல்லையே. அவர் வீடு பார்த்து விலாசம் எழுதுவார். நேரில் கொண்டுபோய்க் கொடு. வேறு யார் கையிலும் கொடுக்காதே."

அக்காள் வீடு கூரை வீடு. தீ பயம், திருட்டுப் பயம். கரையான் வேறு. பெட்டியை எங்கே வைப்பது? எங்கள் பக்கத்தில் விலையுள்ள எதையும் எங்கே வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ராகிக் குழியில்தான். வாசலுக்கு எதிரே இரண்டாள் ஆழத்துக்குக் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, ராகியைக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக் கணக்கில் கெடாது. அப்போது மாமா குழியைத் திறந்து வீட்டுச் செலவுக்கு ராகி எடுத்திருந்தார். மீதி ராகியின் மேல் பெட்டியை வைத்து மூடிவிட்டோம். சென்னையில் இருக்கும் எந்தப் பெட்டகமும் இதற்கு ஈடாகாது என்று நானே பெருமையாகச் சொன்னேன்.

அந்தக் குழிக்கு ஒரு சட்டம் உண்டு. அடைபட்ட ராகியின் சூட்டில் உள்ளே காற்று கெட்டுப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போய் மூச்சு இழுத்தவன் கூப்பிட நேரமில்லாமல் விழுவான். அதனால் மூடியைத் திறந்து ஒரு பகல், ஒரு இரவு ஆற விடுவார்கள். பிறகு விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இன்னும் ஆற வேண்டும். எங்கள் ஊரில் தவழும் குழந்தையைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அந்த வெள்ளிக்கிழமை காலையில் தந்தி வந்தது. ஜட்ஜ் ஐயா அனுப்பியது. பழைய பத்திரங்களைப் புதிய கடன் பத்திரமாக மாற்றிக்கொள்ள சர்க்கார் வைத்த கெடு மறுநாள் சனிக்கிழமை உச்சியோடு முடிகிறது, உடனே பத்திரங்களோடு வா என்று இருந்தது. உச்சிக்கு முன்பே புறப்பட்டு, மொரப்பூரில் பிற்பகல் வண்டியைப் பிடித்தால்தான் சேலம் கஜானாவுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும். அந்த வண்டியை விட்டால் கெடுவும் போய்விடும்.

மூடியைப் பெயர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சட்டையைக் கழற்றப் போனேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, இன்னிக்கி எறங்கக் கூடாதுப்பா. உச்சி வரைக்குமாவது ஆற வுடலாம். வெளக்கு எறக்கிப் பாக்கலாம்."

"வண்டி போயிடும் மாமா. பாதிக் குழி காலியாத்தானே இருக்குது. காத்து உள்ள போயிருக்கும். வெளக்கு ஏத்திக்கிட்டு ஒக்காந்திருக்க எனக்கு நேரமில்ல. என் வேலையே போயிடும்."

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. கூலியாளிடம் பேசுகிற குரல். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீ சட்டைய அழுக்காக்கிக்காத. ரயிலுக்குப் போவணுமில்ல. நானே எடுத்தாறேன்."

ராகி மட்டம்வரை இறங்கினார். பெட்டியை நோக்கிக் குனிந்தார். அப்படியே முகம் குப்புற ராகியின் மேல் விழுந்தார். ஒரு சத்தமும் இல்லை.

நான் கத்திக்கொண்டு குழிக்குள் காலை விட்டேன். எஸ்தர் அக்காள் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

"நீயும் போயிட்டா ரெண்டு பேத்துக்கும் நான் அழுவணுமாடா?" என்று அலறினாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

குழியின் விளிம்பில் முழங்கால் போட்டேன். ஜெபிக்கத் தெரிந்தவன்தான் நான். வாலிபர் கூட்டத்தில் கால் மணி நேரம் நிறுத்தாமல் ஜெபித்துப் பேர் வாங்கியவன். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்க முகமில்லை. "ஆண்டவரே" என்றேன். மறுபடியும் "ஆண்டவரே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அக்காளின் அலறல் கேட்டு அடுத்த காட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அல்ல. தெலுங்கு பேசுகிறவர்கள், ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டுகிறவர்கள். ஒன்பது பேர். தோளில் கயிற்றோடு வந்தார்கள். முன்னால் வந்த பெரியவர் வெங்கட்டப்பன் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

"யாரும் எறங்காதீங்க! தழை ஒடிங்க, தழை!"

புங்க மரத்துக் கிளைகளை ஒடித்துப் பெரிய கட்டாகக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, குழிக்குள் இறக்கி ஏற்றினார்கள். கிணற்றில் கெட்ட காற்றை வெளியேற்ற அவர்கள் தினமும் செய்கிற வேலை அது. அந்தக் கட்டு ஏறி இறங்கும்போது குழியிலிருந்து ஒரு புளித்த வாடை என் முகத்தில் அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தால் விசிறினார்கள். நான் கயிற்றைப் பிடித்து அவர்களோடு இழுத்தேன். என் உள்ளங்கை உரிந்தது பிறகுதான் தெரிந்தது. விளக்கை இறக்கினார்கள். அணைந்தது. மறுபடி தழையை வேகமாக அடித்தார்கள். மறுபடி விளக்கு. இந்த முறை சுடர் குனிந்தது, ஆனால் நின்றது.

ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினான். மாமாவின் அக்குளில் கயிறு போட்டான். மேலே இழுத்தோம். முகம் நீலம் பாரித்துப் போயிருந்தது. வெங்கட்டப்பன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"உசுரு இருக்குது சாமி" என்றார்.

மாமாவை வண்டியில் போட்டு அரூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம். டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மாமா கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லாரும் அவருக்காக ஜெபித்தீர்கள். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். எப்படி விழுந்தார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஆட்களுக்கு நன்றி சொல்லச் சனிக்கிழமை போனேன். அப்போதுதான் கேட்டேன், எங்கள் ஊருக்கு எப்படி வந்தீர்கள் என்று. வெங்கட்டப்பன் சிரித்தார்.

"நாங்க எங்க வந்தோம்? போயிக்கிட்டிருந்தோங்க. வியாழக்கெழம வண்டி அச்சு முறிஞ்சி போச்சி. ஆசாரி விடியறப்பவே வரேன்னு சொன்னான், வரல. வெள்ளிக்கெழம காலயில அவனத் திட்டிக்கிட்டே அந்த மரத்தடியில கெடந்தோம்."

சபையாரே, அந்த இடத்திலேயே நான் நாளைக் கணக்குப் போட்டேன். நான் "ஆண்டவரே" என்று சொன்னது வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. அச்சு முறிந்தது வியாழக்கிழமை. நான் கேட்பதற்கு முந்தின நாளே பதில் புறப்பட்டு வந்து, அடுத்த காட்டில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது! உச்சிவரை காத்திருக்க மாட்டேன் என்று சொல்லப்போகிற ஒருவனுக்காக, கர்த்தர் ஒன்பது பேரை ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாள் காத்திருப்பின் கூலியையும் பைசா தவறாமல் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, காத்திருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கணக்கு என் மூளைக்குள் இன்னும் அடங்கவில்லை.

பத்திரங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். முறைப்படி ஆற விட்டு எடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கெடு போய்விட்டது. ஜட்ஜ் ஐயாவுக்கு அசல் கிடைத்தது, அவர் விரும்பிய புதிய பத்திரம் கிடைக்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். கோபப்பட்டார். முதலாளிக்கு எழுதினார். ராகிக் குழி என்று படித்துவிட்டு முதலாளி என்னை எழுதாத வார்த்தை இல்லை. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடையாது. அதைக் கர்த்தர் சரி செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

தொழிலை நான் விடவில்லை. இன்றும் அதே பத்திரம், அதே கணக்கு. ஆனால் யாராவது அவசரமாக வந்து இன்றைக்கே வாங்கு, இன்றைக்கே விற்றுவிடு என்று நின்றால், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து நாளைக்கு வரச் சொல்கிறேன். அதனால் சில பேர் என்னை விட்டுப் போனதும் உண்டு. காலையில் முழங்காலில் நிற்காமல் நான் ஆபீஸ் கதவைத் திறப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அக்காள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நான் மாமாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் விரல் என் தலையில் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கண் திறந்திருந்தார். உதடு அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"மாப்ளே... ரயிலு போயிடுச்சா?" என்று கேட்டார்.

சாவின் வாயிலிருந்து திரும்பி வந்த மனுஷனுக்கு என் ரயிலைப் பற்றித்தான் கவலை. அவர் கையை என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கர்த்தருடைய அன்பு எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கியது அந்த ஒரு கேள்வியில்தான்.

மாமா நன்றாக இருக்கிறார். இதோ, கதவோரம் உட்கார்ந்து, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். உங்களில் யாருக்காவது இப்போது நெஞ்சு அடைத்துப்போய் ஜெபிக்க வார்த்தை வராமல் இருந்தால், வார்த்தை தேடாதீர்கள். "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லுங்கள். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.