பஞ்சாரத்துக்குள் ஒரு ட்ரோன்

இந்தியாவில் ஒரு விமானம் மேலே ஏற வேண்டுமென்றால் மேனாம்பேடு பரந்தாமன் தலையசைத்தாக வேண்டும். அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. சரி சரி, உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டேன். தலையசைத்தவர்கள் மீனம்பாக்கத்தில் இருந்த சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்து அதிகாரிகள். அவர்கள் மேசைக்குக் கோப்பும் டீயும் கொண்டுபோய் வைத்தவர் பரந்தாமன். ஆனால் டீ வராமல் எந்த அதிகாரியின் தலை அசைந்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பரந்தாமனின் அப்பா நெல் விளைவித்தவர். நிலம் மனையாகி, மனை மேல் அடுக்குமாடி ஏறியபோது மகன் ஆபீஸ் உதவியாளராகிவிட்டார். படிப்பு கொஞ்சம்தான், காது மட்டும் பெரிசு. டீ வைக்கும்போது விழுந்தது, கோப்பு தூக்கும்போது விழுந்தது எல்லாம் மண்டையிலேயே தங்கிவிட்டது. ஓய்வு பெற்று வந்ததும் அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமே. மனைவி கமலம் இருந்தாள்.

காய்கறி வாங்கப் புறப்பட்டால் முதலில் மொபெட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். டயரை உதைப்பார். பிரேக்கைப் பிடித்து விடுவார். குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்ப்பார். இந்திய விமானங்களுக்கு இருப்பது போல அதன் பக்கவாட்டில் ‘வி.டி.’ என்று பெயின்ட்டில் எழுதியும் வைத்திருந்தார். கமலம் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாள்.

“இன்னாயா, மார்க்கெட்டுக்குப் போறமா, மலேசியாவுக்குப் போறமா?”

“ஏறினப்புறம் கோளாறைக் கண்டுபுடிச்சு இன்னா பிரயோஜனம்? எங்க ஆபீஸ்ல ஒரு போல்ட்டு லூசா இருந்தா மொத்த ஏரோப்ளேனையும் தரையில உக்கார வெச்சிடுவாங்க.”

“உன்னை உக்கார வெக்க ஒரு ஆபீஸ் இல்லியே!”

டீக்கடையில் அவருக்கு வாய்த்த ரசிகர் சரவணக்குமார். கோவில்பட்டியிலிருந்து வந்து எதிர் ஃபிளாட்டில் குடியிருக்கும் கம்ப்யூட்டர்காரர். அவருக்குப் பரந்தாமன் சரித்திரப் பாடம் எடுப்பார்.

“வெள்ளைக்காரன் 1934-லயே விமானச் சட்டம் போட்டுட்டான் தம்பி. நம்ம ஊர்ல அப்போ மாட்டு வண்டிக்கே பிரேக் கிடையாது. தொண்ணூறு வருஷம் ஓடிச்சு அந்தச் சட்டம். இப்பத்தான் புதுசு போட்டுகீறாங்க. ஆனா சாரம் ஒண்ணுதான். மேல ஏறுறது எதுவா இருந்தாலும் அதுக்கு நம்பர் இருக்கணும், ஓட்டுறவனுக்கு லைசென்ஸ் இருக்கணும், விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு தெரியணும்.”

“கொசுவுக்கும் நம்பர் உண்டா அண்ணாச்சி?”

“கிண்டல் பண்ணாத. அம்பத்தூர் கொசுவுக்குக் குடுத்தாலும் குடுப்பாங்க, அந்த சைஸு.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் எல்லையம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பூபாலன் தண்ணீர் லாரி வைத்திருப்பவர். பக்கத்து ஊரில் ட்ரோன் பறந்து கூட்டத்தின் மேல் தீர்த்தம் தெளித்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. திருநின்றவூரில் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வைத்திருந்த விஷாலைப் பிடித்தார். ஃப்ளெக்ஸ் போர்டும் வைத்தாகிவிட்டது. அதில் அம்மனைவிட ட்ரோன் பெரிசு.

விஷால் வந்து கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்தான்.

“அண்ணே, உங்க ஏரியா சிவப்புல கீது. சென்ட்ரல் கவர்மென்ட் பர்மிஷன் இல்லாம தூக்கக்கூடாது.”

கமிட்டி மொத்தமும் பரந்தாமன் பக்கம் திரும்பியது. அவர் வாய் அவரைக் கேட்காமல் பேசிவிட்டது.

“நம்ம ஆபீஸ்தான். ஒரு போன் போதும்.”

“வாங்கிக் குடு மாமே,” என்றார் பூபாலன். “இந்தவாட்டி பரிவட்டம் உன் தலைக்குத்தான்.”

பரிவட்டம் என்றால் சாமி முன்னால் தலையில் கட்டும் பட்டு, ஊரின் முதல் மரியாதை. பரந்தாமனின் அப்பா ஆயுசு முழுக்க இரண்டாவது வரிசையில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனவர். அன்றைக்கே பரந்தாமன் கண்ணாடி முன் நின்று பட்டு எந்தப் பக்கம் சாய்ந்தால் அழகு என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு ஆபீசுக்குப் போன் போட்டார். எடுத்தவர் கிருஷ்ணப்பிரியா மேடம். பரந்தாமன் டீ கொடுத்து வளர்ந்த அதிகாரி.

“கும்பாபிஷேகம் என்னைக்கு பரந்தாமண்ணா?”

“நாளைக்கு மேடம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “முறையா விண்ணப்பிச்சு, எல்லாரும் பார்த்து, அப்புறம்தானே சொல்ல முடியும்? சரி, உங்களுக்காக நான் இப்பவே ஓகேன்னு சொல்லிட்டா நீங்க என்ன சொல்வீங்க?”

பரந்தாமன் யோசித்தார். “ரூலுன்னா ரூலுதானே மேடம், அது எப்படி நீங்க சொல்லலாம்னு கேப்பேன்.”

“அப்ப வெச்சிடட்டுமா?”

“வெச்சிடுங்க மேடம்.”

மறுநாள் காலை. மேளம், கூட்டம், கோபுரத்தின் மேல் குருக்கள். கீழே, றெக்கையை மடித்துக்கொண்டு ட்ரோன். அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகிவிட்டிருந்தது. காலடியில் எலுமிச்சம்பழம் வேறு. பக்கத்தில் தாம்பாளத்தில் பரிவட்டப் பட்டு மினுங்கியது.

“இன்னா பரந்தாமா, பர்மிஷன் வந்துகீதா?” என்றார் பூபாலன்.

வந்தாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. பரந்தாமன் பட்டைப் பார்த்தார். ட்ரோனைப் பார்த்தார்.

“வரல.”

“சரி வுடு. அம்மன் காரியம், எவன் கேக்கப் போறான்? தூக்குடா விஷாலு!”

விஷால் றெக்கையைப் பிரிக்கக் குனிந்தான். பரந்தாமன் ஓடினார். பக்கத்து வீட்டு வாசலில் கோழியைக் கவிழ்த்து வைத்திருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கிவந்து ட்ரோன் மேல் கவிழ்த்துவிட்டு, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விடுதலையான கோழி யாகசாலைப் பக்கம் ஓடியது. இயக்ககத்துக்குப் பறக்கவிடுவது பாதி வேலை, உட்கார வைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பரந்தாமன் அன்றைக்குத் தன் சொந்த உடம்பால் செய்தார்.

“எந்திரிய்யா!”

“மாட்டேன். வண்டியைத் தரையில நிறுத்தியாச்சு.”

அந்த நேரம் பார்த்து கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டது. “கருடன்! கருடன்!” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சரவணக்குமார் குனிந்து பஞ்சாரத்தருகே கேட்டார்:

“அதுக்குப் பர்மிஷன் இருக்கா அண்ணாச்சி?”

“அது ஆபீசுக்கும் மேலேர்ந்து வாங்கிகினு வந்துகீது,” என்றார் பரந்தாமன், பிடியை விடாமல்.

குடத்து நீர் கலசத்தின் மேல் விழுந்துவிட்டது. ஜனம் தீர்த்தத்துக்காக அண்ணாந்து வாயைத் திறந்து நிற்கிறது. பூபாலன் முகம் கறுத்தது. பரந்தாமனுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

“உன் லாரி சும்மாதானே நிக்குது?”

அன்னதானத்துக்கு வந்திருந்த தண்ணீர் லாரி. ஒரு சொம்பு தீர்த்தத்தைத் தொட்டியில் ஊற்றினார்கள். பரந்தாமன் லாரியை முழுச் சுற்று சுற்றி, டயர் டயராக உதைத்து, வயிற்றைக் குனிந்து பார்த்து, ஹோஸை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். சின்னப்பையன் என்ற டிரைவர் மோட்டாரைப் போட்டார்.

ட்ரோன் ஆளுக்கு ரெண்டு சொட்டு தெளித்திருக்கும். இது ஆளுக்கு ஒரு குடம். பட்டுப்புடவைகள் ஒட்டிக்கொண்டன. மேளக்காரர் மேளத்தைத் தலைமேல் பிடித்தார். ஓடிப்போன கோழிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஹோஸ் கையில் நிற்காமல் திரும்பிப் பூபாலனை முழுசாகக் குளிப்பாட்டிவிட்டுக் கடைசியில் பரந்தாமனையே நனைத்தது. “ஓம் சக்தி!” என்று கூட்டம் போட்ட சத்தத்தில் ஆவடியில் கதவுகள் ஆடின.

சொட்டச் சொட்ட இறங்கிவந்த பரந்தாமனை ஊரே சூழ்ந்தது. பூபாலன் கண்ணீரும் தண்ணீருமாக வந்து, தன் கையாலேயே அவர் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார்...

“இரு, இரு,” என்றாள் இவ்வளவு நேரமும் என் பக்கத்தில் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்த கமலம். “பரிவட்டமா? அத்த லாரி டிரைவர் சின்னப்பையனுக்கு இல்ல கட்டினாங்க. லாரிதானே மானத்தைக் காப்பாத்துச்சுன்னு பூபாலன் சொல்லிட்டாரு. இந்த மனுசன் முன்னாடி நின்னு கை வேற தட்டுறாரு. தலை ஈரமா கீதேன்னு நான்தான் என் துண்டை எடுத்து இவருக்குக் கட்டி வுட்டேன். இன்னிவரைக்கும் அதைத் துவைக்கக் குடுக்க மாட்டேங்கறாரு!”