காற்றில் பொரித்த மீன்

2013-ஆம் ஆண்டு, ஆடி மாதம். திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹாலில், என் மாமனாரின் கட்டிலுக்குத் தலைமாட்டில் நடந்த சமையல் இது. அடுப்படி இருக்கும்போது ஹாலில் எதற்குச் சமைத்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் எனக்கும் மீனுக்கும் இருந்த உறவைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காணைப் பக்கத்துக் கரும்புக் கொல்லை ஆள். வேலை விழுப்புரத்தில், ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்; திண்டிவனத்தில் இருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். எங்கள் ஊரில் மீன் என்றால் ஏரி வற்றுகிறபோது கிடைப்பது, அவ்வளவுதான். என் மனைவியோ மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டதால், மாப்பிள்ளை விருந்துக்கு மீன் பொரித்தது மாமனாரேதான்.

அன்று அவர் மீனுக்கு மிளகாய்த்தூள் தடவினாரா, மிளகாய்த்தூளுக்கு மீனைத் தடவினாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. முதல் துண்டிலேயே காதுக்குள் விசில் அடித்தது. மூக்கும் கண்ணும் போட்டி போட்டுக்கொண்டு ஒழுகின. எதிரே உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாப்ள, காரமாகீதா?”

“இல்ல மாமா, கண்ணுல தூசி வுழுந்துடுச்சி. மீனு நல்லாருக்கு.”

“நல்லாருக்குதா? அப்ப இன்னும் ரெண்டு வையிம்மா அவருக்கு!”

புது மாப்பிள்ளை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் தின்றேன். மனிதரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த மனிதருக்குத்தான் 2013-இல் மாரடைப்பு வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எண்ணெயில் பொரித்தது கூடாது, உப்பு நிறையக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி கஞ்சியும் வேகவைத்த காயும் கொடுத்தாள். மாமனார் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். தட்டை மெதுவாகத் தள்ளிவிட்டார். மறுநாளும் தள்ளினார். அதற்கடுத்த நாள் தட்டைப் பார்க்கவே இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கோபத்தில் தள்ளியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவரோ, இனிமேல் இதெல்லாம் எதற்கு என்பது மாதிரித் தள்ளினார். வலை இழுத்த கை, டம்ளரைத் தூக்க இன்னொரு கையைத் துணைக்குக் கூப்பிட்டது. சட்டை அவர் மேல் மாட்டிய மாதிரி இல்லை, ஆணியில் மாட்டிய மாதிரி இருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை கொடுக்க முடியாது, சாப்பிட வைக்காவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் கைவிரித்தார். மனைவி குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. நான் கடையிலும் ரயிலிலும் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன். அந்த வீட்டில் என் ஜோக்குகள் தரையில் விழுந்து கிடந்தன, குனிந்து எடுக்க ஆளில்லை.

மாமனாருக்கு ஒரே மகன், குவைத்தில் வேலை. லீவு கிடைக்கவில்லை என்று போனில் அழுதான். அடுத்த வாரம் ஊருக்கு வந்த ஒருவர் மூலம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினான். திறந்தால் ஏர் ஃப்ரையர். எண்ணெய் இல்லாமல் சூடான காற்றிலேயே மீன் பொரிக்கலாமாம். கறுப்பாக, குண்டாக, தபால்பெட்டிக்குத் தம்பி மாதிரி இருந்தது.

மாமனார் அதை நிறைய நேரம் பார்த்தார்.

“புள்ள வர்ல. பொட்டி வந்துகீது.”

பிறகு அவரே என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதுல இன்னா மாப்ள பண்ணுவாங்க?”

“காத்துலயே மீன் பொரிக்கலாம் மாமா.”

“காத்துலயா? நாப்பது வருஷம் கடல் காத்துல நின்னவன் நானு. பொரிஞ்சா பூட்டேன்?”

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “நான் குடுத்தா தட்ட தள்ளிடறாரு. நீங்க செஞ்சி குடுங்க. மாப்ள கையால குடுக்கறத வேணாம்னு சொல்ல மாட்டாரு. மரியாதைக்காச்சும் துண்ணுவாரு.”

“எனக்குச் சுடுதண்ணி வெக்கவே உன்னக் கேக்கணும்.”

“கார்புரேட்டர கழட்டி மாட்றேன்னு பீத்திக்கறீங்க இல்ல? இதுவும் மெஷினுதான்.”

ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த மெஷினுக்குப் பெரிய பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய பிளக் இருந்தது ஒரே இடத்தில், ஹாலில், மாமனாரின் தலைமாட்டில். ஆக, என் சமையல் கல்லூரி அங்கேயே திறக்கப்பட்டது. மாணவன் நான். பார்வையாளர், படுத்தபடி மாமனார்.

முதல் நாள் வஞ்சிரம். ஈரமசாலாவைக் கொழகொழவென்று அப்பி, மெஷினைச் சூடுபடுத்தாமல், கூடையில் ஒரு பொட்டு எண்ணெய்கூடத் தடவாமல் அடுக்கினேன். எண்ணெயே கூடாதென்றால் கூடாதுதானே என்ற என் அறிவு. மணி அடித்ததும் இழுத்தால், சதையெல்லாம் கூடையின் ஓட்டைகளில் ஒட்டிக்கொண்டு, நடுமுள் மட்டும் என் கையோடு வந்தது.

கட்டிலில் இருந்து குரல் வந்தது: “வலையில மாட்ன மீன கழட்டத் தெரிலியே மாப்ள.”

அவர் பேசியதே பெரிய விஷயம் என்று சந்தோஷப்பட்டேன். சாப்பிடவில்லை.

இரண்டாம் தடவை, கனமில்லாத மீன்தான் ஒட்டாது என்று கண்டுபிடித்து நெத்திலி வாங்கினேன். மேலே வாசனைக்குக் கறிவேப்பிலையும் தூவினேன். உள்ளே இருப்பது காற்றாடி என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. மூடிய கொஞ்ச நேரத்தில் உள்ளே படபடவென்று சத்தம். கறிவேப்பிலையும் நெத்திலியும் பறந்துபோய் மேலே இருந்த சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகின. ஹால் முழுக்கப் புகை. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா, சைவம், படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்: “இன்னாப்பா பண்ணிக்கினு கீறீங்க, ஊட்ட கொளுத்துறீங்களா?”

மாமனார் இருமி இருமிக் களைத்துவிட்டார். மனைவி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திட்டியிருந்தால் தேவலாம்.

கற்றுக்கொண்டேன், இல்லாமல் இல்லை. மீனைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். மெஷினுக்கு முன்கூட்டியே சூடு காட்ட வேண்டும். கூடையில் பிரஷ்ஷால் எண்ணெய் லேசாகத் தொட்டுவிட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, பாதியில் திருப்ப வேண்டும். இதையெல்லாம் ஒரு குழந்தை கூடப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்கு மூன்று கிலோ மீன் செலவானது.

ஆனால் மாமனாருக்கு அவ்வளவு நாள் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலையில் ரயில் ஏறும்போதே, இன்று போன் வந்துவிடுமோ என்று பயம். கடையில் ஆள் பிரேக் ஷூ கேட்டால் கிளட்ச் பிளேட் எடுத்துக் கொடுத்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம். அன்று எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். துடைத்தேன், சூடு காட்டினேன், எண்ணெய் தொட்டேன். மீனின் நிறம் மாறி, வாசனை கிளம்புகிற நேரம். மாமனார் கூடத் தலையை இந்தப் பக்கம் திருப்பினார். டப்பென்று கரண்ட் போய்விட்டது.

அந்த வருடங்களில் கரண்ட் எங்கள் ஊருக்கு விருந்தாளி மாதிரி, வந்தால்தான் உண்டு. காத்திருந்தேன். வரவில்லை. கூடையை இழுத்துப் பார்த்தால், மேலே சிவந்து, உள்ளே பச்சையாக, பாதி வெந்த மீன். அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டிமேல் நெற்றியை வைத்து அழுதுவிட்டேன். சத்தம் போடாமல்தான் அழுதேன். இருட்டில் தெரியாது என்று எனக்கும் ஒரு நினைப்பு. குடும்பத்தோடு எங்களுக்கு அந்த நம்பிக்கை உண்டு.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலில் இருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“மாப்ள.”

“இன்னா மாமா?”

“கரண்டு வந்ததும் திரும்பப் போடுங்க. நான் முழிச்சிக்கினுதான் இருப்பேன். பசிக்குது.”

பசிக்குது! ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத வார்த்தை. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மறுபடியும் போட்டேன். தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“இன்னா மாமா?”

“தூசி வுழுந்துடுச்சி மாப்ள. மீனு நல்லாருக்கு.”

முழுத் துண்டையும் சாப்பிட்டார். மேலே கொஞ்சம் கஞ்சி குடித்தார், மாத்திரை போட்டார். மனைவி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் மறுநாள் கடையில், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் சமையலைப் பற்றியே பேசினேன். முதலாளி, ஹோட்டல் வைத்துக்கொள்ளேன், நான் பிழைத்துப் போகிறேன் என்றார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு துண்டு. சில நாள் இரண்டு. ஒவ்வொரு நாளும் “நல்லாருக்கு மாப்ள.”

அவர் சாப்பிட்டார், பிழைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஐப்பசி மழையில், ஒரு காலை நேரத்தில் போய்ச் சேர்ந்தார். பெட்டிக்குப் பின்னால் மகனும் வந்தான், சாவுக்கு.

காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் மீன், கறி என்று கவிச்சி சேர்க்கலாம் என்றான பிறகு, அவன் ஹாலில் அந்த மெஷினைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“நைனா இதுல துண்ணாரா மாமா?”

“நல்லா துண்ணாரு.”

“எனக்கும் அதே மாதிரி ஒரு துண்டு போட்டுக் குடுங்க.”

போட்டேன். அதே மீன், அதே அரை உப்பு, அதே கைப்பக்குவம். இந்தத் தடவை நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அத்தனை நாளில் நான் அதைத் தின்று பார்த்ததே இல்லை, எல்லாம் அவருக்கே என்று வைத்துவிடுவேன்.

வாயில் போட்டேன். என் தொழிலில் ரப்பர் வாஷர் என்று ஒன்று விற்கிறோம். அதற்குக் கொஞ்சம் மஞ்சள் தடவினால் இந்த ருசி வரும். மென்றால் மறுபக்கம் போகிறது, அங்கிருந்து திரும்பி வருகிறது. மச்சானைப் பார்த்தேன். அவனும் மென்றுகொண்டிருந்தான். கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, “நல்லாருக்கு மாமா” என்றான்.

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுகைக்குப் போனாள். அப்புறம்தான் சொன்னாள்.

“நான் ஒரு நாளு நைனாவ கேட்டேன், எப்டி நைனா இத துண்ற, கல்லு மாதிரி கீதேன்னு. அதுக்கு, ‘அவரு அந்தப் பொட்டி மேல தலைய வெச்சி அழுதத பாத்தேம்மா. அன்னிக்கி நம்ம ஊட்டு விருந்துல கண்ணுல தண்ணி வுட்டுக்கினு என் மீன ஒரு வார்த்தை சொல்லாம துண்ணாரே, தூசின்னு சொன்னாரே, நான் துண்ணக் கூடாதா’ன்னாரு.”

நான் கையில் இருந்த மீதித் துண்டையும் தின்றேன்.

அந்தப் பெட்டி இப்போதும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இப்போதெல்லாம் மீன் நன்றாகவே வருகிறது, சாப்பிடுகிறவர்கள் நிஜமாகவே ருசித்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் யாராவது “நல்லாருக்கு” என்று சொல்லும்போதெல்லாம் நான் அவர்கள் தட்டைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்க்கிறேன், அதில் தூசி விழுந்திருக்கிறதா என்று.