திரும்பிய பாய்கள்

அருமனைக்குப் போகும் பஸ் சூடாகி நின்றுவிடுகிறது. டிரைவர் தண்ணீர் தேடிப் போகிறார். நான் சாலையோரத்து ஓலைக் கூரைச் சபையின் வாசலில் ஒதுங்குகிறேன்.

இன்று ஈஸ்டர். போதகருக்குக் காய்ச்சல், வரவில்லையாம். ஆராதனை நடத்த எழுந்து நிற்கிறார் பைபிளம்மா. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பவராம்.

“பெண்ணு பிரசங்க மேடையில ஏறப்படாது” என்கிறார் சபை மூப்பர்.

“ஏறல்ல மூப்பரே. கல்லறைக்கிட்ட மேடையா போட்டிருந்தாவ? அங்க நின்ன பெண்ணுங்களிட்டதான உயிர்த்தெழுந்த ஆண்டவரு சேதி சொல்லி விட்டாரு.”

பெண்கள் பக்கத்துப் பாய்களின் நடுவே தரையில் நின்றே வாசிக்கத் தொடங்குகிறார். ஆண்கள் காலி மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கழுத்தைத் திருப்புகிறார். இன்னொருவர் பாயோடு திரும்புகிறார். பிறகு வரிசையே திரும்புகிறது.

பிந்தி வந்த பனையேறி ஒருவர் என் பக்கத்தில் நிற்கிறார். “இந்த அம்மையத் தெரியுமா?” என்று கேட்கிறேன்.

“எனக்க பெண்டாட்டிக்கு எழுத்து படிப்பிச்சது இவியதான். அவ எனக்குப் படிப்பிச்சா” என்கிறார், நெஞ்சை நிமிர்த்தி.

மூப்பர் மட்டும் மேடையையே பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம்தான். எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, பெண்கள் பக்கத்து ஓரத்தில் விரிக்கிறார்.

“அம்மா, கொஞ்சம் உரக்க வாசியும். எனக்குக் காது மந்தம்.”

சாலையில் பஸ்ஸின் ஹாரன் சத்தம். அடிக்கட்டும். நான் செருப்பைக் கழற்றுகிறேன்.